உறைபனியில் ஒரு பேறுகாலம்

குளிர் என்றதும் நமக்கு விரிவுரை மண்டபத்தின் குளிர்சாதனம்தான் நினைவுக்கு வரும். மிஞ்சிப்போனால் கேமரன் மலையில் கழித்த இரண்டு இரவுகள் நினைவுக்கு வரலாம். வெப்பமானி சுழியத்துக்குக் கீழே 30 பாகை காட்டும் ஒரு காலைப்பொழுதை நம்மில் பெரும்பாலோர் கண்டதில்லை. கனடாவின் அல்பர்ட்டா, சஸ்காட்சவான், மனிதோபா மாநிலங்களிலும், அவற்றுக்குத் தெற்கே அமெரிக்காவின் மொண்டானா, வட டகோட்டா, தென் டகோட்டா மாநிலங்களிலும் பரந்து கிடக்கும் புல்வெளிகளில் அத்தகைய காலைகள் புதியவை அல்ல. அங்கே மாட்டுப் பண்ணைகள் ஏராளம். அப்பண்ணைகளில் பலவற்றில், பனி உருகாத பிப்ரவரி, மார்ச் மாதங்களிலேயே பசுக்கள் கன்று ஈனுகின்றன.

தாயின் வயிற்றில் 39 பாகை வெப்பத்தில் இருந்த ஒரு கன்று, உடல் முழுக்க ஈரத்தோடு, உறைந்த தரையில் வந்து விழுகிறது. அது எப்படிப் பிழைக்கிறது? அதைவிட முக்கியமாக, ஆண்டில் பன்னிரண்டு மாதங்கள் இருக்க, அந்த மாதங்களை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள்? கால்நடை அறிவியல் பயிலும் எனக்கு இவ்விரு கேள்விகளும் நெடுநாளாக இருந்தன. தேடிப் படித்தபோது கிடைத்த விடை நான் எதிர்பார்த்ததாக இல்லை. கன்றைக் கொல்வது பெரும்பாலும் குளிர் அன்று. ஈரம், காற்று, பசி ஆகிய மூன்றும்தான் கொல்கின்றன. இம்மூன்றையும் மனிதனால் தடுக்க முடியும் என்பதே இக்கட்டுரையின் சாரம்.

ஏன் அந்த மாதங்களில்?

பசுவின் சினைக்காலம் சராசரியாக 283 நாள். ஆகவே, கன்று எப்போது பிறக்கும் என்பதைக் காளையை மந்தைக்குள் விடும் நாளே தீர்மானிக்கிறது. ஜூன் முதல் நாள் காளையை விட்டால் முதல் கன்றுகள் மார்ச் 11-ஆம் நாளளவில் பிறக்கும். ஜூலை முதல் நாள் விட்டால் ஏப்ரல் 10-ஆம் நாளளவில் பிறக்கும். எனவே, பனியில் ஈனுவது இயற்கை வகுத்த விதியன்று. மனிதன் போட்ட கணக்கு.

அந்தக் கணக்கிற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது புல். கன்று ஈன்ற ஏறத்தாழ இரண்டு மாதங்களில் பசுவின் பால் சுரப்பு உச்சத்தை அடைகிறது. மார்ச்சில் ஈன்றால் அந்த உச்சம் பசும்புல் தழைக்கும் மே மாதத்தோடு ஒத்துப்போகும். இரண்டாவது சந்தை. கன்றுகள் இலையுதிர் காலத்தில் எடைக்கு விற்கப்படுகின்றன. பால் குடிக்கும் கன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடை கூடுகிறது. ஒரு மாதம் முன்னதாகப் பிறந்த கன்று, விற்கும் நாளில் 30 கிலோ அளவுக்கு அதிகம் நிறுக்கும். மூன்றாவது வேலைப்பளு. மாடு வளர்ப்போர் பலர் கோதுமை, வாற்கோதுமை போன்றவற்றையும் பயிரிடுகின்றனர். ஏப்ரல், மே மாதங்கள் விதைப்புக்கு உரியவை. அதற்குள் மாட்டின் பேறுகாலம் முடிந்துவிட்டால் நல்லது. இன்னொன்றும் உண்டு. உறைந்த தரை தூய்மையானது. பனி உருகித் தரை சேறானால் கன்றுகளுக்குக் கழிச்சல் நோய் பரவும்.

எதிர்க்கணக்கும் இருக்கிறது. அதே புல்வெளியின் பூர்வீக விலங்கான பைசன் என்னும் காட்டெருமை ஏப்ரல், மே மாதங்களில்தான் பெரும்பாலும் ஈனுகிறது. எவரும் அதற்கு நாள் குறித்துக் கொடுக்கவில்லை. இதைக் கண்டு, காளையை விடும் நாளைத் தள்ளிவைத்துப் பேறுகாலத்தை ஏப்ரல் இறுதிக்கும் மே மாதத்துக்கும் மாற்றிக்கொண்ட பண்ணையாளர்களும் இருக்கிறார்கள். அவர்களின் கன்றுகள் எடை குறைவாக விற்கின்றன. ஆனால், வைக்கோல் செலவும் விழித்திருக்கும் இரவுகளும் குறைகின்றன. எது இலாபம் என்பது ஒவ்வொரு பண்ணையின் நிலத்தையும் ஆள்பலத்தையும் பொறுத்தது.

மாட்டுக்குள் எரியும் அடுப்பு

வெட்டவெளியில் நிற்கும் பசு குளிரை எப்படித் தாங்குகிறது? விடை அதன் வயிற்றில் இருக்கிறது. மாட்டின் இரைப்பையில் நான்கு அறைகள் உண்டு. வளர்ந்த பசுவின் முதல் அறை மட்டுமே 150 லிட்டருக்கும் மேல் கொள்ளக்கூடியது. அங்கே வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் நார் மிகுந்த புல்லைப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றுகின்றன. அப்போது வெப்பம் வெளிப்படுகிறது. 600 கிலோ எடையுள்ள ஒரு பசு நாளொன்றுக்கு 12 முதல் 15 கிலோ உலர்புல் தின்னும். அந்தப் புல்லே உணவு, அதுவே விறகு. அதனால்தான் கடுங்குளிர் வரப்போகிறது என்று வானிலை அறிக்கை சொன்னதும் பண்ணையாளர்கள் முதலில் உலர்புல்லின் அளவைக் கூட்டுகிறார்கள்.

அடுப்பு இருந்தால் போதாது. வெப்பம் வெளியேறாமல் காக்கச் சுவரும் வேண்டும். பகற்பொழுது குறையத் தொடங்கியதும் மாட்டின் உடலில் அடர்ந்த குளிர்கால உரோமம் வளர்கிறது. உரோமங்களுக்கு இடையே சிறைப்படும் காற்றுதான் போர்வையாகிறது. பசுவின் முதுகில் பனி உருகாமல் கிடப்பதைப் படத்தில் கண்டால் நாம் பரிதாபப்படுவோம். உண்மையில் அது நல்ல அறிகுறி. உள்ளே இருக்கும் வெப்பம் தோலைத் தாண்டி வெளியே வரவில்லை என்பதற்கு அதுவே சான்று.

அடர்ந்த, உலர்ந்த குளிர்கால உரோமம் கொண்ட பசு, சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 8 பாகை செல்சியஸ் வரை கூடுதல் உணவின்றித் தன் உடல்வெப்பத்தைக் காத்துக்கொள்ளும். அதற்கும் கீழே ஒவ்வொரு பாகை இறங்கும்போதும் அதற்கு வேண்டிய உணவின் ஆற்றல் ஏறத்தாழ 2 விழுக்காடு கூடுகிறது. அதே பசுவின் உரோமம் நனைந்துவிட்டால் அந்த எல்லை 15 பாகைக்கு ஏறிவிடுகிறது. சுழியத்துக்கு மேலே 15 பாகை! அதாவது, கேமரன் மலையின் ஓர் இரவு நனைந்த மாட்டுக்குக் குளிர்காலமாகிவிடும்.

தண்ணீரையும் மறக்கக்கூடாது. தண்ணீர் குடிக்காத மாடு தின்னாது. தின்னாத மாட்டின் அடுப்பு அணைந்துவிடும். தொட்டிகளில் உறைந்த பனிக்கட்டியைக் கோடரியால் உடைப்பது முன்பு அன்றாட வேலை. இன்று பல பண்ணைகளில் மின்சாரத்தால் சூடேற்றப்படும் தொட்டிகள் உள்ளன. மின்சாரம் தடைப்பட்டால் மீண்டும் கோடரிதான்.

காற்றைத் தடுக்கும் வேலியிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. இடைவெளியே இல்லாத சுவர் சிறந்தது என்றுதான் நாம் நினைப்போம். அத்தகைய சுவரின் மீது மோதும் காற்று மேலெழுந்து, மறுபுறம் சுழன்று இறங்கிப் பனியை அங்கேயே கொட்டிவிடும். பலகைகளுக்கு இடையே ஐந்தில் ஒரு பங்கு இடைவெளி விட்டு அமைத்த வேலி காற்றை நிறுத்தாமல் அதன் வேகத்தை மட்டும் குறைக்கிறது. அத்தகைய வேலி தன் உயரத்தைப்போல் எட்டு முதல் பத்து மடங்கு தூரம் வரை மாடுகளுக்கு மறைப்புத் தருகிறது.

வரலாறு சொல்லும் இரண்டு பாடங்கள்

1886-ஆம் ஆண்டின் கோடையில் மொண்டானா, டகோட்டா புல்வெளிகளில் வறட்சி. அக்காலத்தில் மாடுகள் வேலியின்றித் திறந்த வெளியிலேயே ஆண்டு முழுவதும் மேய்ந்தன. குளிர்காலத்துக்கென்று புல் அறுத்துச் சேமிக்கும் வழக்கம் பெரிதாக இல்லை. புல்வெளி தாங்கக்கூடிய அளவையும் மீறி மாடுகள் பெருகியிருந்தன. அவ்வாண்டின் இறுதியில் தொடங்கிய குளிர்காலம் மிகக் கொடியது. விழுந்த பனி சற்றே உருகி மீண்டும் உறைந்து, புல்லின்மேல் கண்ணாடி மூடிபோல் இறுகிவிட்டது. மாடுகளால் அதை உடைத்து மேய முடியவில்லை. பல பண்ணைகள் பாதிக்கும் மேற்பட்ட மாடுகளை இழந்தன. பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட்டும் டகோட்டாவில் தம் மந்தையின் பெரும்பகுதியை அப்போதுதான் பறிகொடுத்தார். மொண்டானாவில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சார்ல்ஸ் ரசல் என்ற இளைஞர், மந்தை எப்படி இருக்கிறது என்று கேட்ட உரிமையாளருக்கு ஒரு சிறு ஓவியத்தை விடையாக வரைந்தார். பனியில் நிற்கும் எலும்பும் தோலுமான ஒரு மாடும், அது விழக் காத்திருக்கும் ஓநாய்களும் அதில் இருந்தன. அந்த ஓவியமே அவரைப் புகழ்பெறச் செய்தது. அக்குளிர்காலத்தில் கொன்றது பசி. அதன் பிறகுதான் புல் அறுத்துச் சேமிப்பது அங்கே கட்டாய வழக்கமாயிற்று.

இரண்டாவது நிகழ்வு 2013 அக்டோபர் தொடக்கத்தில் தென் டகோட்டாவின் மேற்குப் பகுதியில் நடந்தது. முதலில் மழை பெய்து மாடுகளைத் தோல் வரை நனைத்தது. மழை பிறகு பனியாக மாறியது. கடும் சூறைக்காற்றும் சேர்ந்துகொண்டது. குளிர்கால உரோமம் வளர்ந்திருக்க வேண்டிய பருவம் இன்னும் வரவில்லை. மாடுகள் ஒதுங்க இடமில்லாத கோடை மேய்ச்சல் நிலங்களிலேயே இருந்தன. பல்லாயிரம் மாடுகள் மடிந்தன. அப்போது வெப்பநிலை உறைநிலையை ஒட்டித்தான் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சனவரியில் சுழியத்துக்குக் கீழே 30 பாகையைத் தாங்கும் அதே இன மாடுகள், அக்டோபரில் உறைநிலையைத் தாங்க முடியாமல் இறந்தன. கொன்றது ஈரமும் காற்றும்.

ஈற்று இரவு

இனி, பேறுகாலத்துக்கு வருவோம். சினையின் கடைசி மூன்று மாதங்களில்தான் கருக்கன்று வேகமாக வளர்கிறது. அதே மாதங்கள்தான் அங்கே கடுங்குளிர் காலம். ஒரே பசு தன்னையும் காத்து, கன்றையும் வளர்த்து, மடியில் பாலையும் சேர்க்க வேண்டும். விலா எலும்பு தெரியும் அளவுக்கு மெலிந்த பசுவின் கன்று வலுவின்றிப் பிறக்கும். பாலிலும் சத்துக் குறையும். மெலிந்த பசுவைப் புயலின்போது தேற்ற முடியாது. இலையுதிர் காலத்திலேயே அதைத் தனியாகப் பிரித்துத் தேற்றியிருக்க வேண்டும்.

ஈற்று மூன்று கட்டமாக நடைபெறுகிறது. முதல் கட்டத்தில் பசு மந்தையை விட்டு விலகும், வாலைத் தூக்கும், படுத்து எழும். இது இரண்டு முதல் ஆறு மணி நேரம் நீடிக்கும். பனிக்குடம் வெளிப்பட்டதும் இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. முன்பு ஈன்று பழகிய பசு ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் ஈன்றுவிடும். தலையீத்துக் கிடேரிக்குக் கூடுதல் நேரம் ஆகலாம். இரண்டு முன்னங்கால்களும் அவற்றின்மேல் மூக்கும் தெரிந்தால் கன்று சரியாக வருகிறது என்று பொருள். ஒரு காலோ வாலோ மட்டும் தெரிந்தால் உடனே உதவி தேவை. நஞ்சுக்கொடி விழுவது மூன்றாம் கட்டம்.

தலையீத்துக் கிடேரிகளைத்தான் மிகவும் கவனிக்க வேண்டும். அவற்றின் இடுப்பெலும்பு குறுகலானது, அனுபவமும் இல்லை. கடுங்குளிர் இரவுகளில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் கைவிளக்கோடு சென்று பார்த்து வருகிறார். பல வாரங்கள் இப்படியே கழியும். கணவன், மனைவி, பிள்ளைகள் என்று முறைவைத்து விழித்திருப்பார்கள்.

இந்த இரவுக் காவலைக் குறைக்கும் வழியை மனிதோபாவைச் சேர்ந்த கஸ் கோனஃபல் என்ற பண்ணையாளர் 1970-களில் பிரபலப்படுத்தினார். அவர் தம் பசுக்களுக்குக் காலையில் தீனி போடுவதை விட்டு, முற்பகலிலும் பின்னர் இரவு பத்து மணியளவிலும் போட்டார். அவருடைய மந்தையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுக் கன்றுகள் காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் இடையே பிறந்தன. பின்னர் வந்த ஆய்வுகளும் இரவில் தீனி போட்டால் பகல் ஈற்று கூடுவதை உறுதிசெய்தன. செலவில்லாத வழி, தீனி போடும் நேரத்தை மாற்றினால் போதும்.

முதல் ஆறு மணி நேரம்

பிறந்த கன்றின் முதல் எதிரி அதன் உடலில் இருக்கும் ஈரம். தாய் நாவால் நக்குவது பாசத்தால் மட்டுமன்று. அது கன்றைத் துவட்டுகிறது. இரத்த ஓட்டத்தைத் தூண்டுகிறது. எழுந்து நிற்கச் செய்கிறது. கன்றும் வெறுங்கையோடு வருவதில்லை. அதன் சிறுநீரகங்களைச் சுற்றிப் பழுப்புக் கொழுப்பு என்னும் தனிவகைக் கொழுப்பு இருக்கிறது. அது வெப்பம் தருவதற்காகவே எரியும். ஆனால் அந்தக் கையிருப்பு சில மணி நேரத்துக்குத்தான் வரும். அதற்குள் வயிற்றில் பால் இறங்க வேண்டும்.

அந்தப் பால்தான் சீம்பால். மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் கருவறையிலேயே நஞ்சுக்கொடி வழியாகக் கிடைத்துவிடும். கன்றுக்கு அப்படிக் கிடைப்பதில்லை. பசுவின் நஞ்சுக்கொடியின் அமைப்பு அவற்றைக் கடக்க விடுவதில்லை. ஆகவே, கன்று நோயை எதிர்க்கும் ஆற்றல் ஏதுமின்றிப் பிறக்கிறது. சீம்பாலில் அந்த எதிர்ப்புப் பொருள்கள் நிறைந்துள்ளன. புதிதாய்ப் பிறந்த கன்றின் குடல் அவற்றை அப்படியே இரத்தத்துக்குள் விடுகிறது. ஆனால், அந்தக் கதவு மணிக்கு மணி மூடிக்கொண்டே வந்து, 24 மணி நேரத்தில் முழுவதும் அடைபட்டுவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு சீம்பால் கொடுத்தாலும் அது உணவாகுமே தவிரக் கவசமாகாது. முதல் ஆறு மணி நேரத்துக்குள் வயிறு நிறையக் கொடுத்துவிட வேண்டும் என்பது அதனால்தான்.

குளிரில் விறைத்த கன்று எழுந்து நிற்காது. நிற்காத கன்று குடிக்காது. குடிக்காத கன்று மேலும் விறைக்கும். இந்த வளையத்தை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும். பண்ணையாளர் தம் விரலைக் கன்றின் வாய்க்குள் விட்டுப் பார்க்கிறார். வாய் குளிர்ந்திருந்தால் அது ஆபத்தில் இருக்கிறது. உடனே அதைத் தூக்கிச் சரக்குந்தின் முன்னிருக்கைக்குக் கீழே, சூடான காற்று வீசும் இடத்தில் கிடத்துகிறார். நிலை மோசமென்றால் வீட்டுக் குளியல் தொட்டியில் 38 பாகை வெந்நீரில் தலையை ஏந்திப் பிடித்து வைத்திருக்கிறார். பிறகு நன்கு துவட்டி, உறிஞ்ச வலுவில்லையென்றால் குழாய் மூலம் சீம்பால் செலுத்துகிறார். இப்படி வீட்டுக் குளியலறையில் பிழைத்த கன்றுகளின் கதை அங்கே பல குடும்பங்களில் உண்டு. காது நுனிகள் உறைந்து உதிராமலிருக்கக் கன்றுக்குக் காதுறை அணிவிப்பவர்களும் இருக்கிறார்கள்.

பிழைத்த கன்றுகளைக் கழிச்சல் நோய் பிறகு தாக்கலாம். மூத்த கன்றுகள் கழிக்கும் கிருமிகள் பெருகிப் பெருகி, கடைசியாகப் பிறக்கும் கன்றுகளைத்தான் பலிகொள்கின்றன. இதற்கு நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தார் எளிய தீர்வு ஒன்றைக் கண்டனர். ஈன்ற பசுக்களையும் கன்றுகளையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, இன்னும் ஈனாத பசுக்களை வாரந்தோறும் புதிய நிலத்துக்கு நகர்த்துவதுதான் அது. புதிய கன்று எப்போதும் தூய தரையில் பிறக்கிறது. மணற்குன்றுகள் நிறைந்த அந்தப் பகுதியின் பெயரால் இது சேண்ட்ஹில்ஸ் முறை எனப்படுகிறது.

கன்றை இழந்த தாயும் தாயை இழந்த கன்றும் ஒரே வாரத்தில் அமைவதுண்டு. பசு தன் கன்றை மணத்தால் அறிகிறது. எனவே, இறந்த கன்றின் தோலை உரித்து, அநாதைக் கன்றின்மேல் சட்டைபோல் போர்த்துகிறார்கள். தாய் முகர்ந்து பார்த்து ஏற்றுக்கொள்கிறது. சில நாள்களில் தோலை எடுத்துவிடலாம். தமிழகத்தில் இறந்த கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன் நிறுத்திப் பால் கறக்கும் வழக்கம் இருந்ததை நம்மில் சிலர் கேள்விப்பட்டிருப்போம். நோக்கம் வேறு, ஆனால், தாயின் மூக்கைப் பற்றிய அறிவு ஒன்றே.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இறைச்சிக்கு விற்கப்போகும் மாட்டுக்கு இத்தனை பாடா என்று நம்மில் சிலர் நினைக்கலாம். எனக்கும் அது நெருடலாகவே இருந்தது. இன்றும் முழுதும் தீர்ந்துவிடவில்லை. ஆயினும், நள்ளிரவில் ஒரு கன்றைக் குளியல் தொட்டியில் ஏந்தி நிற்பவரைக் கணக்குப் பார்ப்பவர் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

நம் நாட்டில் சிக்கல் நேர்மாறானது. இங்கே மாட்டின் வயிற்றில் எரியும் அதே அடுப்பைத் தணிப்பதுதான் கடினம். நிழலும் நீரும் இல்லையென்றால் மாடு தின்பதைக் குறைத்துவிடும், பாலும் குறையும். ஆனால், பருவமழையில் ஒழுகும் கொட்டகையில் பிறக்கும் கன்றுக்கு ஈரமும் காற்றும் இங்கேயும் எதிரிகளே. சீம்பாலுக்கான 24 மணி நேரக் கெடு இங்கேயும் அதேதான்.

தோட்டப்புறங்களில் நம் மூதாதையர் மாடு வளர்த்தார்கள். அவர்களோடு வந்த மாடுகளின் வழித்தோன்றல்கள் 'உள்ளூர் இந்தியக் கறவை மாடு' என்றே இந்நாட்டுக் கால்நடை நூல்களில் குறிக்கப்படுகின்றன. சீம்பாலில் சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்துக் காய்ச்சி அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும் வழக்கம் என் பாட்டிக்கும் இருந்தது. ஆனால், கன்று வயிறு நிறையக் குடித்த பிறகுதான் பாத்திரத்தை எடுப்பார். நோய் எதிர்ப்புப் பொருள் என்ற சொல்லை அவர் அறிந்திருக்கவில்லை. கன்றின் பங்கு எது என்பதை அறிந்திருந்தார்.

சினை, கிடேரி, தலையீத்து, பனிக்குடம், நஞ்சுக்கொடி, சீம்பால். இக்கட்டுரைக்குத் தேவைப்பட்ட இச்சொற்களில் பெரும்பாலானவை தமிழ்ப்பள்ளிப் பாடநூலில் நான் கற்றவை அல்ல. இடைநிலைப்பள்ளியிலோ அவற்றுக்கு வேலையே இருக்கவில்லை. வீட்டில் கேட்டவைதாம் கைகொடுத்தன. கனடாவின் பனியைப் பற்றி எழுதவும் தோட்டத்து மாட்டுக் கொட்டகையின் தமிழ் போதுமானதாக இருக்கிறது. மாடு வளர்த்த தலைமுறை தோட்டங்களை விட்டு வெளியேறி நெடுநாளாகிவிட்டது. அவர்களில் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.

நண்பர்களே, அடுத்த விடுமுறையில் வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்று கேளுங்கள். மாடு ஈனும் இரவில் என்ன செய்தார்கள்? கன்று எழவில்லையென்றால் என்ன கொடுத்தார்கள்? மழையில் எங்கே கட்டினார்கள்? அவர்கள் சொல்வதை அவர்கள் சொற்களிலேயே எழுதி வையுங்கள். சீம்பாலுக்கு இருப்பதுபோல் இதற்கும் ஒரு கெடு உண்டு.